18 லட்சம் நைரா களக்காடு வந்த வழி: ஒரு நிகழ்வு ஆய்வு

வங்கியில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அதில் நான்கு ஆண்டு களக்காட்டுப் பக்கம் ஒரு கிளையில் மேலாளர். அந்தப் பழக்கத்தில் 2023 மே கடைசியில் ஒரு குடும்பம் என்னைத் தேடி வந்தது. நைஜீரியாவில் சம்பாதித்த பணத்தை ஓர் ஏஜென்ட் மூலம் ஊருக்கு அனுப்பப் போய், வங்கிக் கணக்கே முடங்கிய கதை அவர்களுடையது. அதை, அவர்கள் சம்மதத்தோடு, பெயரும் கிராமமும் சொல்லாமல் இங்கே பதிவு செய்கிறேன். வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகள் உள்ள வீடு நம் திருநெல்வேலி மாவட்டத்தில் தெருவுக்கு நாலு இருக்கிறது. அவர்களுக்குப் பயன்படட்டும்.

பின்னணி

கணவருக்கு அப்போது 38 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். 2019 முதல் நைஜீரியாவில், லாகோஸை அடுத்த அக்பாரா தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மனைவி ஊரில். இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், இரண்டு கறவை மாடு, வாழை போட்ட ஒரு துண்டு நிலம். 2022 கடைசியில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள்.

தொடக்கத்தில் அவருடைய சம்பளத்தில் பெரும்பகுதியை கம்பெனி டாலராகவே இந்தியாவுக்கு அனுப்பிவிடும். அங்கே கைச்செலவுக்கு மட்டும் உள்ளூர் பணமான நைரா. 2022 நடுவில் கம்பெனிக்கே டாலர் கிடைப்பது சிரமமாகிவிட்டது. பாதிச் சம்பளத்தை நைராவாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மெஸ் சாப்பாடு, கம்பெனி குவார்ட்டர்ஸ். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. நைரா அவருடைய அங்குள்ள கணக்கில் தேங்கியது. இங்கேயோ கம்பியும் சிமெண்டும் வாங்கக் காசில்லை.

டாலர் பஞ்சம் அவருடைய கம்பெனிக்கு மட்டும் வந்ததல்ல. 2022-ல் எமிரேட்ஸ் விமான நிறுவனமே நைஜீரியச் சேவையை நிறுத்தியது. டிக்கெட் விற்று வந்த நைராவை டாலராக்கி வெளியே கொண்டுபோக முடியவில்லை என்பதுதான் காரணம். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் ஒரு சூப்பர்வைசர் எம்மாத்திரம்.

இரண்டு விலை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

2023 மே மாதத்தில் நைஜீரியாவின் அதிகாரபூர்வ விலை ஒரு டாலருக்கு சுமார் 460 நைரா. தெருவிலோ சுமார் 750. தெருவில் டாலர் மாற்றுபவர்களை லாகோஸில் 'அபோக்கி' என்று கூப்பிடுவார்கள். ஹவுசா மொழியில் 'நண்பன்' என்று பொருள்.

கள்ளச் சந்தை என்றாலே அதிகப் பணம் கிடைக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது டாலரைக் கொண்டு உள்ளே போகிறவனுக்குத்தான் உண்மை. 2021 கடைசியில் இலங்கையில் டாலர் விலையை 200 ரூபாய் சொச்சத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும் வழியில், அதைவிட நன்றாகவே கூடக் கிடைத்தது. அங்கே வீட்டுக்கு டாலர் அனுப்பியவர்கள் உண்டியல் பக்கம் போனதற்கு அதுதான் காரணம். நம்முடைய ஆளின் நிலை தலைகீழ். அவர் கையில் இருப்பது நைரா, அவருக்கு வேண்டியது டாலர். அதிகாரபூர்வ விலைதான் அவருக்கு லாபம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் மாற்ற நினைத்தது 18 லட்சம் நைரா. 460 விலையில் மாற்றினால் 3,900 டாலர் சொச்சம். டாலர் 82 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 3,20,000 ரூபாய். தெரு விலையில் 2,400 டாலர், 1,97,000 ரூபாய்தான். அப்படியானால் ஏன் வங்கிக்குப் போகவில்லை? போனார். வெளிநாட்டு ஊழியர் வீட்டுக்குப் பணம் அனுப்ப 'ஃபார்ம் ஏ' என்றொரு படிவம் உண்டு. அதையும் கம்பெனிக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தார். ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. 460 என்பது பலகையில் எழுதிய விலை. ரேஷன் கடையில் ஸ்டாக் இல்லாத சீனிக்கும் விலை எழுதித்தான் இருக்கும்.

இதற்கு நடுவில் அந்த நாட்டு மத்திய வங்கி 200, 500, 1,000 நைரா நோட்டுகளை மாற்றி, பழைய நோட்டுக்குக் கெடு வைத்தது. 2023 ஜனவரி, பிப்ரவரியில் அங்கே ரொக்கத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. நைராவை வைத்திருக்கவே அவருக்குப் பயமாகிவிட்டது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

நடந்தது

மார்ச், ஏப்ரலில் மெஸ் சமையல்காரர் மூலம் மூன்று தடவை சிறு தொகை அனுப்பினார். தடவைக்கு 20,000 ரூபாய். ஒரு ரூபாய்க்கு 9.3 நைரா வாங்கினார்கள். தெருவில் டாலருக்கு 750, இங்கே ரூபாய் 82. வகுத்தால் ரூபாய்க்கு 9.15 வரும். மேலே இருப்பது மாற்றுகிறவரின் கூலி. அந்த மூன்றிலும் சிக்கல் இல்லை.

ஏப்ரல் கடைசியில் கான்கிரீட் போடத் தேதி குறித்தார்கள். அப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் வேறொரு ஏஜென்ட் அறிமுகமானார். தமிழும் இந்தியும் கலந்து பேசுவாராம். அவர் கேட்டது ரூபாய்க்கு 8.7 நைரா. அதாவது தெரு விலையைவிட மலிவாக ரூபாய் தருகிறார், கூலியும் எடுக்காமல். இந்தத் தொழிலில் யாரும் தர்மத்துக்கு உட்காரவில்லை. சந்தை விலைக்கும் கீழே ஒருவன் ரூபாயை விற்கிறான் என்றால் அந்த ரூபாயைச் சீக்கிரம் கையைவிட்டுத் தள்ள அவனுக்குக் காரணம் இருக்கிறது. இதைப் பின்னால் கணவரிடம் போனில் சொன்னபோது, "சார், நான் ரேட்டு நல்லா பேசி முடிச்சுட்டேன்னு சந்தோஷப்பட்டேன்" என்றார்.

2023 மே 9, செவ்வாய்க்கிழமை. 18 லட்சம் நைராவை ஏஜென்ட் சொன்ன உள்ளூர்க் கணக்குக்கு மாற்றினார். மதியம் இங்கே மனைவியின் சேமிப்புக் கணக்கில் 23 நிமிடத்துக்குள் ஐந்து வரவு: 50,000, 49,900, 37,500, 45,000, 24,500. மொத்தம் 2,06,900. ஐந்தும் ஐந்து வேறு பெயர்களில், ஒன்றும் நைஜீரியாவோடு சம்பந்தப்பட்டதல்ல, ஒன்றும் தமிழ்ப் பெயரும் அல்ல. மனைவி திகைத்துக் கேட்டிருக்கிறார். "யார் பேர்ல வந்தா என்ன, ரூவா வந்துட்டுல்ல" என்று கணவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அதில் 80,000 எடுத்து கான்கிரீட் மேஸ்திரிக்குக் கொடுத்தார்கள்.

கணக்கு முடங்கியது

மே 22, திங்கள். ஏடிஎம்மில் பணம் வரவில்லை. மறுநாள் கிளைக்குப் போனார். அதே மே 23-ல்தான் 2,000 ரூபாய் நோட்டு மாற்றும் கூட்டம் தொடங்கியிருந்தது. கவுண்டரில் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. மூன்று மணிநேரம் நின்ற பிறகு, "சைபர் கிரைம்ல இருந்து ஃப்ரீஸ் பண்ணச் சொல்லியிருக்காங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கணக்கில் அப்போது இருந்தது 2,31,200. அதில் மே 9-க்கு முன்பே இருந்த சொந்தப் பணம் 1,04,300. மகளிர் குழுக் கடன், பால் சங்கப் பணம், வாழைத்தார் விற்றது எல்லாம் அதில்தான். எடுக்கத்தான் முடியாது, வரவு நிற்காது. பால் பணம் ஒவ்வொரு தடவையும் வந்து விழுந்து அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது.

என்னிடம் வருவதற்குள் மாமனார் ஒரு காரியம் செய்துவிட்டார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒருவர், 15,000 கொடுத்தால் ஃப்ரீஸை எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். 5,000 முன்பணம் போயிற்று. "நம்புற மாதிரி பேசுனான் அண்ணாச்சி" என்றார். அந்த 5,000 திரும்பவில்லை. இந்த ஆய்வில் அதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

கவனித்தவை

பாஸ்புக்கையும் ஆறு மாத ஸ்டேட்மெண்டையும் வாங்கி ஒவ்வொரு வரவையும் பார்த்தேன். கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் ஒரு கேள்விக் கடிதம் கொடுக்கச் சொன்னேன். எந்த மாநிலக் காவல்துறை, புகார் எண் என்ன, சந்தேகத்துக்குரிய வரவு எது, தொகை எவ்வளவு. நான்கே கேள்வி. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஆறு நாளில் பதில் வந்தது. வடமாநிலம் ஒன்றின் சைபர் காவல் நிலையம். சந்தேகத்துக்குரியது 37,500 மட்டுமே.

வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை என்று நம்பி ஒரு கல்லூரி மாணவி பணம் கட்டி ஏமாந்திருக்கிறாள். அவள் 1930 என்ற உதவி எண்ணில் புகார் சொன்னதும் பணம் போன தடத்தைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவள் கட்டியது மோசடிக்காரர்களுக்கு யாரோ வாடகைக்கு விட்ட ஒரு வங்கிக் கணக்குக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு, மூன்றாவது களக்காட்டில் மாடு வைத்திருக்கும் இந்தப் பெண்ணின் கணக்கு. தடத்தில் உள்ள எல்லாக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள்.

இப்போது ஏஜென்ட்டின் கணக்கு விளங்கும். இந்தியாவில் திருட்டு ரூபாய் வைத்திருப்பவனுக்கு அதைச் சுத்தமான வேறொரு பணமாக்க வேண்டும். நைஜீரியாவில் சுத்தமான நைரா வைத்திருப்பவருக்கு ரூபாய் வேண்டும். ஏஜென்ட் இருவரையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார். எல்லை தாண்டி ஒரு காசும் போகவில்லை.

பழைய உண்டியலிலும் பணம் எல்லை தாண்டாதுதான். நம் ஆட்கள் கொழும்புக்குப் பிழைக்கப் போன காலத்திலிருந்தே நம் பக்கத்துக்கு அது தெரியும். ஆனால் அதில் ஆள் வந்து, அடையாளமாக முன்பே சொல்லிவைத்த ரூபாய் நோட்டின் எண்ணைச் சரிபார்த்து, ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போவான். அதுவும் சட்டவிரோதம்தான். வித்தியாசம் என்னவென்றால், ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று அடுத்த நாள் கம்ப்யூட்டர் காட்டாது. வங்கி வழியாக வரும் இந்தப் புதுவகை உண்டியலில் தடம் அப்படியே அச்சடித்ததுபோல் கிடக்கிறது, கடைசி முகவரி நம் வீடு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஏஜென்ட் கேட்டதைச் செய்யவில்லை. விஷயம் தெரிந்ததும், "37,500-ஐ நான் சொல்லும் அக்கவுண்ட்டுக்குப் போட்டுவிடுங்கள், கேஸை முடித்துவிடலாம்" என்று செய்தி அனுப்பினார். மாமனார் கடன் வாங்கியாவது போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். அந்தக் கணக்கு மாணவியுடையது என்பதற்கு என்ன சாட்சி? இன்னொரு திருட்டுக் கணக்குக்கு நாமே சொந்தக் கையால் பணம் போட்டால், தெரியாமல் மாட்டியவர் என்ற நிலை போய்க் கூட்டாளி என்றாகிவிடும். காவல்துறை அல்லது நீதிமன்றம் வழியாக மட்டுமே திருப்பித் தர வேண்டும்.

இரண்டாவது முடிவுக்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. என்ன காரணம் சொல்வது? ஒரு வக்கீல் குமாஸ்தா, "கைமாத்துக் கொடுத்தது திரும்பி வந்ததுன்னு எழுதிக் கொடுத்துருங்க" என்று யோசனை சொன்னார். முன்பின் தெரியாத ஐந்து வெளிமாநிலத்துக்காரர்களுக்குக் களக்காட்டுப் பெண் கைமாத்துக் கொடுத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? மறுபக்கம், உண்மையைச் சொன்னால் அந்நியச் செலாவணிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஃபெமா என்று சொல்லும் அந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-வது பிரிவின்படி, வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக வரும் பணத்தை அங்கீகாரம் பெற்றவர் வழியாக அல்லாமல் இங்கே வாங்கக் கூடாது. 13-வது பிரிவு சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் போட இடம் தருகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனேன். அவர் சொன்னதன் சாரம் இது: ஃபெமா மீறலுக்கு முதலில் வருவது அபராதம், மோசடிக்குத் துணைபோனதாகக் குற்ற வழக்கில் பெயர் சேர்ந்தால் வருவது சிறை. பெரியதற்குப் பயந்து சிறியதை ஒப்புக்கொள்வதுதான் வழி. அதன்படி கணவரின் மூன்று ஆண்டுச் சம்பளச் சீட்டு, நைரா கணக்கின் ஸ்டேட்மெண்ட், 'ஃபார்ம் ஏ' விண்ணப்ப நகல், ஏஜென்ட்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரு விளக்கம் தயாரித்தோம். உரையாடலில் ஒரு வரி கணவருக்குச் சாதகமாக இல்லை. பணம் பல பெயரில் வரும் என்று ஏஜென்ட் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அதை அழித்துவிட்டு அனுப்பலாமா என்று கணவர் கேட்டார். வழக்கறிஞர் ஒப்பவில்லை.

மூன்றாவதாக, 37,500-ஐப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், மீதியை விடுங்கள் என்று மட்டுமே கேட்டோம். அந்தத் தொகைக்கு உரிமை கொண்டாடவில்லை. அது நம் பணமல்ல என்பதை முதலில் ஏற்றுக்கொண்டவர் மனைவிதான். "அவியளும் உழைச்சாவ, அந்தப் பிள்ளையும் ஏமாந்துட்டு. நடுவுல ஒருத்தன்லா தின்னுட்டுப் போயிட்டான்" என்றார்.

பின்விளைவு

மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. மூன்று தடவை பதிவுத் தபால் போட்டோம். ஜூலையில் அங்கிருந்து ஓர் அதிகாரி போன் செய்து மனைவியிடம் இந்தியில் கேட்க, என் பழைய சக ஊழியர் ஒருவர் மொழிபெயர்த்தார். ஆகஸ்ட் 29 அன்று முடக்கம் நீங்கி, 37,500-க்கு மட்டும் பிடிப்பு வைக்கப்பட்டது. முடங்கிக் கிடந்தது 99 நாள். அதற்குள் குழுக் கடன் தவணை மூன்று தவறி, குழுவில் இருந்த மற்ற பெண்கள் பங்கு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு மாடு விற்றாயிற்று. கான்கிரீட் போட்ட வீடு பூச்சு இல்லாமல் மழையில் நின்றது.

சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க விட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரிலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. எங்களுக்கு அந்தத் தீர்ப்புகள் பிந்திவிட்டன. இன்று இதேபோல் மாட்டுகிறவர்கள் அவற்றைக் காட்டிக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் போகலாம்.

ஏஜென்ட்டின் எண் ஜூன் முதல் வாரத்திலேயே அணைந்துவிட்டது. ஃபெமா தொடர்பாக இதுவரை நோட்டீஸ் வரவில்லை. இனி வராது என்று நான் சொல்ல மாட்டேன்.

நைஜீரியாவில் 2023 ஜூன் 14 அன்று மத்திய வங்கி பல விலைகளை ஒன்றாக்கி நைராவைச் சந்தையின் போக்கில் விட்டது. இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கியது. சுருங்கிய விதம்தான் கொடுமை: தெரு விலை இறங்கவில்லை, அதிகார விலை ஏறிப்போய் அதைத் தொட்டது. 2024 தொடக்கத்தில் டாலர் 1,500 நைராவையும் தாண்டியது. கணவர் பயந்து கையில் வைத்திருந்த மிச்சம் 6 லட்சம் நைரா, மே மாதத் தெரு விலையில் 65,000 ரூபாய்க்கு மேல் பெறும். அடுத்த பிப்ரவரியில் அதன் மதிப்பு ஏறக்குறைய 33,000. சட்டப்படி சும்மா இருந்ததற்கும் விலை உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது.

மறுபடி நடந்தால் எதை மாற்றுவோம்

நைரா கைக்கு வந்த பிறகு நல்ல வழி எதுவும் இல்லை. இதைத்தான் கணவரோடு பேசிப் பேசி நான் தெரிந்துகொண்டேன். மாற்ற வேண்டியது அதற்கு முந்தைய கட்டம். பாதிச் சம்பளம் நைரா என்று கம்பெனி சொன்ன நாளிலேயே ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசியிருக்க வேண்டும். 2023 அக்டோபரில் அவர் பேசினார். டாலர் பங்கை 70 சதவீதமாக்கி நேராக இந்தியாவுக்கே அனுப்புகிறோம், தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2022 நடுவிலேயே கேட்டிருந்தாலும் இதே பதில் வந்திருக்கலாம். கேட்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம்.

அங்கே உடன் வேலை பார்க்கும் இன்னொரு இந்தியருக்கு நைரா வேண்டும், அவர் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு ரூபாய் போடச் சொல்லலாமே என்று கேட்கிறார்கள். தெரிந்த ஆள், தெரிந்த பணம் என்பதால் சைபர் வழக்கு வராமல் இருக்கலாம். ஃபெமா கண்ணில் அதுவும் உண்டியல்தான்.

கணவரின் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி, அங்கே சம்பாதிப்பதைப் போட தனியாக ஒரு என்ஆர்இ கணக்கும் திறந்தோம். வெளிநாடு போனதும் செய்ய வேண்டியது, நாலு வருடம் கழித்து நடந்தது. என்ஆர்இ கணக்கில் வெளிநாட்டிலிருந்து முறையாக வரும் பணத்தைத்தான் போட முடியும். உள்ளூரில் எவனோ போடும் ரூபாயை அது ஏற்காது. மே 9 அன்று அந்த ஒரு தடை இருந்திருந்தால் ஏஜென்ட் அப்போதே வேறு ஆள் தேடிப் போயிருப்பார்.

என் பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. முதல் கடிதத்தைக் கிளை மேலாளருக்கு மட்டும் கொடுக்கச் சொன்னேன். அதே நாளில் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கும் அந்த மாநிலக் காவல்துறைக்கும் நகல் போயிருந்தால் மூன்று வாரமாவது மிச்சமாகியிருக்கும்.

37,500 மீதான பிடிப்பு 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவோடு தீர்ந்தது. தொகை கணக்கிலிருந்து கழிந்ததற்கான குறுஞ்செய்தியை மனைவி எனக்குக் காட்டினார். "அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துட்டா சார்?" என்று கேட்டார். உத்தரவில் பெறுபவர் பெயர் இருந்த வரியைப் படித்துக் காட்டினேன்.